தொட்டி ஈரமாகத்தான் இருக்கிறது, செடி ஏன் வாடுகிறது? கோகோபீட் தொட்டிகளில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் நாற்பது சொச்சம் தொட்டிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வருடத்தில் நான் சாகடித்த செடிகளைக் கணக்குப் பார்த்தால், தண்ணீர் இல்லாமல் செத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் மூச்சு முட்டிச் செத்தவை. டெல்டாக்காரன் கைக்குத் தண்ணீர் கட்டித்தான் பழக்கம். வயலில் தண்ணீர் நின்றால்தான் மனசு நிறையும். நெல்லுக்கு அது சரி. நெல்லின் தண்டுக்குள் மேலிருந்து வேர்வரை காற்று இறங்குவதற்குக் குழல் மாதிரி இடைவெளி இருக்கிறது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றின் வேர், தன்னைச் சுற்றியுள்ள துளைகளில் இருக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. அந்தத் துளைகளில் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொண்டால் வேருக்கு மூச்சு நின்றது.

மாடித் தொட்டிகளை நாம் நிரப்பும் கோகோபீட், அதாவது தேங்காய் மட்டையின் நார்த்தூள், இந்த விஷயத்தில் சரியான கள்ளன். தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மேல்புறம் மட்டும் அரை நாள் வெயிலில் வெளிறிப் போய், தாகத்தில் கிடப்பதுபோல நடிக்கும். அதை நம்பி ஒரு குவளை ஊற்றினால், அடியில் ஏற்கெனவே இருக்கும் குளத்தில் இன்னொரு குவளை சேரும்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் மருந்து தேடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

காலை ஆறு மணிக்குச் செடியைப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பூசணியும் சுரையும் தொங்கிப்போய் நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அகன்ற இலை உள்ளவை வெயிலில் அப்படித்தான் இருக்கும். விடியற்காலையில் நிமிர்ந்து நின்றால் வியாதி எதுவும் இல்லை. விடியும்போதே வாடியிருந்தால்தான் விஷயம் இருக்கிறது.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். சாக்கு மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 12 அங்குல செடிப்பை ஒன்று, நன்றாக நனைத்து வடிந்த பிறகு என்னிடம் 11 கிலோ காட்டியது. அடுத்த தண்ணீருக்குத் தயாரானபோது ஏழரை. உங்கள் கலவைக்கு எண் மாறும், ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். பத்து நாளில் தராசு தேவைப்படாது, கையே சொல்லிவிடும்.

எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். எந்த உயரம்வரை நனைந்திருக்கிறது என்று குச்சியிலேயே தெரியும். மேல் பாதி காய்ந்து, கீழ்ப் பாதி கறுத்து நனைந்திருந்தால் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்.

சரி, இனி கோளாறுகள்.

ஈரம் இருக்கிறது, ஆனால் விடிகாலையிலும் செடி வாடிக் கிடக்கிறது

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் கூப்பிட்டு, "ஏன் தம்பி, நேத்து சாயந்தரம்கூட ரெண்டு சொம்பு ஊத்துனேன், இப்பவும் தொங்குதே, இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். தொட்டியைத் தூக்கினேன், அம்மிக்கல் மாதிரி கனம். பக்கவாட்டில் சாய்த்ததும் அடித்துளை வழியாகச் சாக்கடை வாடை வந்தது.

இது வேர் அழுகல். செடியைப் பக்குவமாகக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, அல்லது பால்நிறத்தில், கிள்ளினால் நறுக்கென்று இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும்; இரண்டு விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அழுகிய முட்டை வாடையும் இருந்தால் அடிப்பகுதியில் பல நாளாகக் காற்றே இல்லை என்று பொருள்.

வேர் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதை நறுக்குங்கள். மேலே இலையும் கிளையும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், குறைந்த வேரால் அத்தனை இலைக்குத் தண்ணீர் தர முடியாது. புதுக் கலவையில் வைத்து நான்கைந்து நாள் நிழலில் விடுங்கள். முதல் நாள் ஒரு தடவை மட்டும் நனைத்தால் போதும். வேர் முழுக்க நூலாகிவிட்டதென்றால் வீணாக மெனக்கெடாதீர்கள், அடுத்த நாற்றைப் பாருங்கள்.

செடியைக் காப்பாற்றியதோடு வேலை முடியவில்லை. அடியில் ஏன் தண்ணீர் நின்றது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: தொட்டியின் அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ ஒரு அடுக்கு போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று. வடியாது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சை முழுக்க நனைத்து, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஒழுகும். பஞ்சின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டே நிற்கும். பஞ்சு எவ்வளவு உயரம் என்பது அதற்குப் பொருட்டே அல்ல. கோகோபீட்டும் அப்படித்தான். தொட்டி ஆழமோ ஆழமில்லையோ, அடியில் சில விரற்கடை உயரத்துக்கு ஈரம் தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் அந்தத் தேக்கம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இன்னும் பக்கத்தில். ஜல்லி போட்ட தொட்டியில் வேருக்கு மிஞ்சும் காற்றிடம் குறைவு.

வேலைக்கு ஆகும் வழிகள் வேறு. ஒன்று, ஆழமான தொட்டி. தேங்கும் உயரம் அதேதான் என்பதால் அதற்கு மேல் வேருக்குக் கிடைக்கும் இடம் அதிகம். இரண்டாவது, தண்ணீர் ஊற்றிய பிறகு தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கால் மணி நேரம் வைப்பது. பஞ்சை நிமிர்த்திய கணக்குதான், மூலையில் உள்ள துளை வழியாகக் கணிசமாக வடியும். மூன்றாவது, பருத்திக் கயிறு ஒரு முழத்தை அடித்துளை வழியாக ஒரு சாண் உள்ளே செருகி, மீதியைக் கீழே தொங்கவிடுவது. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல அது தேக்கத்தை இழுத்துச் சொட்டும். சும்மா சொல்லவில்லை, ஐப்பசியில் என் கறிவேப்பிலைத் தொட்டியைக் காப்பாற்றியது அந்தக் கயிறுதான்.

இதைவிடச் சின்னக் காரணம் ஒன்று உண்டு, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தொட்டி தரையோடு தரையாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். மாடித் தளம் சமமாக இருப்பதால் துளை மூடிக்கொள்ளும். கீழே இரண்டு செங்கல், அல்லது மூன்று கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துத் தொட்டியை ஏற்றுங்கள். தண்ணீர் வெளியேறுவது மட்டுமில்லை, அந்த வழியாகத்தான் காற்றும் உள்ளே போகிறது. கீழ்த்தட்டு வைப்பவர்கள் அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

கலவைக்கு வருவோம். நம் பக்கத்தில் செடி என்றாலே ஆற்று வண்டல் கொண்டுவந்து கலப்பார்கள். வயலுக்கு அது தங்கம். தொட்டிக்குள் அதன் நைசான துகள் கோகோபீட்டின் துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். களிமண்ணும் அதே கதை. "மண்ணு வாசமே இல்லாம செடி எப்படிடா வரும்?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். ஒரு கைப்பிடி போடுவதில் தப்பில்லை. பாதிக்குப் பாதி போட்டால் செங்கல் அறுக்கலாம்.

காற்றுக்கு நம் ஊரிலேயே கிடைக்கும் நல்ல பொருள் உமி. பச்சையாகவும் போடலாம், கருக்கிப் போட்டால் இன்னும் நல்லது. தகர டின்னில் கருக்கி, முழுக்கக் கறுத்து ஆனால் சாம்பலாகாத பதத்தில் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். பச்சை உமியில் தப்பிய நெல் முளைக்கும், பிடுங்கிப் போட்டால் போச்சு. அரிசி ஆலையின் அடுப்புச் சாம்பலை மட்டும் இதற்குப் பதிலாக அள்ளி வராதீர்கள். அது காரத்தன்மை கூடியது, நைசாகவும் இருக்கும். என் கலவை: இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு கருக்கிய உமி, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நிரப்பும்போது கையால் அமுக்காதீர்கள். தொட்டியை இரண்டு தட்டு தட்டினால் தானாக இறங்கும்.

கடைசியாக, கோகோபீட்டுக்கும் வயசு உண்டு. இரண்டு மூன்று வருடமானால் மக்கித் தூளாகி, காப்பித்தூள் வண்டல் மாதிரி படியும். மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, நைசானதைத் தரைச் செடிகளுக்குப் போட்டுவிட்டு, மேலே நின்றதோடு புதியதைக் கலந்து பயன்படுத்தலாம்.

ஊற்றிய தண்ணீர் அப்படியே அடியில் ஓடிவிடுகிறது, செடி வாடுகிறது

முந்தையதற்கு நேர் எதிர். கத்திரி வெயிலில் நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் இதுதான் நடக்கும். ஆடிக் காற்றிலும் நடக்கும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, மேல்காற்று செடிப்பையின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடும். முழுக்கக் காய்ந்த கோகோபீட் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி ஓடிவிடும். அடியில் ஒழுகுவதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள், நடுவில் வேர்க்கட்டி எலும்பாகக் கிடக்கும்.

தூக்கினால் பஞ்சுபோல் இருக்கிறதா? சந்தேகமே வேண்டாம், இதுதான். அகலமான பேசினில் நான்கு விரல் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து தண்ணீர் ஏறி, மேல்புறம் கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டிக்கு, ஒரே மூச்சில் ஊற்றாமல் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணை ஓடிவிடும், மூன்றாவது நிற்கும். இடுக்கைக் குச்சியால் கிளறி மூடிவிடுங்கள்.

பங்குனியிலிருந்து ஆவணிவரை மேலே இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோல் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். மழைக்காலம் தொடங்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் மேலே சொன்ன முதல் கோளாறு வந்து நிற்கும்.

தக்காளிப் பிஞ்சின் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாக அமுங்கினால் பூச்சி என்று நினைக்காதீர்கள். பிஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேரவில்லை. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் குளம் என்று ஈரம் மாறி மாறி இருந்தால் இது வரும். கோகோபீட்டைச் சரியாகக் கழுவாமல் போட்டாலும் வரும். அது அடுத்த விஷயம்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது, மேலே வெள்ளையாகப் படிகிறது

முதலில் அந்த வெள்ளை என்னவென்று பாருங்கள். பஞ்சுபோல், ஊதினால் அசைந்தால் பூஞ்சணம், பயமில்லை. சொரசொரவென்று பொறுக்காக, தண்ணீர் விட்டதும் கரைந்தால் உப்பு.

உப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று கோகோபீட்டிலேயே இருப்பது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை; 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை மரத்தைச் சாய்த்த பிறகும் மட்டை உரிக்கும் ஆலைகளுக்கு வெளியே தூள் மலைபோல் குவிந்து கிடக்கும். நானும் அப்படி ஒரு ஆலையிலிருந்து மூன்று மூட்டை கிட்டத்தட்ட இலவசமாக வாங்கிவந்து, கழுவாமல் நிரப்பி, இருபது மிளகாய் நாற்றைப் பலி கொடுத்தேன். ஆலைக்காரர் மேல் தப்பில்லை, அவர் செடிக்கு என்று சொல்லி விற்கவில்லை.

வீட்டில் குடிதண்ணீர் பார்க்க டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது) இருந்தால் அதுவே போதும். ஒரு குவளை கோகோபீட்டில் ஒன்றரைக் குவளை ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றி, கலக்கி, அரைமணி கழித்து வடிகட்டி மீட்டரை நனையுங்கள். 250 சுற்றி இருந்தால் கவலையில்லை. 500 தாண்டினால் கழுவ வேண்டும். ஆயிரம் காட்டினால் கழுவினாலும் உடனே நாற்றுக்கு வைக்காதீர்கள்.

வெறும் தண்ணீரில் கழுவினால் மேலோட்டமாக இருக்கும் உப்புதான் போகும். துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் விடாது. பின்னால் நீங்கள் போடும் சுண்ணாம்புச் சத்தைத் துகள் பிடித்துக்கொண்டு, அதற்கு மாற்றாக இவற்றைச் செடிக்கு விடும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே நாமே நடத்திவிட வேண்டும். 5 கிலோ கட்டி ஒன்றுக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 70 லிட்டர் தூளாக உப்பும். அதைத் துணிச் சாக்கில் போட்டு இரண்டு மூன்று தடவை நன்றாக அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் இன்னொரு அலசு. கால்சியம் நைட்ரேட் உரக்கடைகளில் நீரில் கரையும் உரமாகக் கிடைக்கும். ‘கழுவியது’ என்று அச்சிட்டு விற்கும் கட்டிக்கும் ஒரு தடவை மீட்டர் வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, நம் தண்ணீர். வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் உவர்ப்பு இருக்கும் இடங்கள் உண்டு. கோகோபீட் சுத்தமாகவே இருந்தாலும், தண்ணீர் ஆவியாகி ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுபவர்களுக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் அடியில் எதுவும் வடிவதே இல்லை. வாரம் ஒரு தடவையாவது ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியேறும்படி ஊற்றுங்கள். வெளியே வந்த தண்ணீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால், தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். மாடிக் குழாயிலிருந்து மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

அதிகமாக வடிய விட்டால் வேர் அழுகாதா என்று கேட்கலாம். நிறைய ஊற்றுவதால் அழுகுவதில்லை, அடிக்கடி ஊற்றுவதால்தான் அழுகுகிறது. வயிறு முட்ட ஊற்றுங்கள், பிறகு எடை குறையும்வரை கை வைக்காதீர்கள். தண்ணீர் கீழே வடியும்போது மேலே இருந்து புதுக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இறங்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் பதில் இருக்கிறது.

கீழ் இலைகள் முழுக்க வெளிறி, செடி குன்றி நின்றால் தழைச்சத்துக் குறை. மக்காத நார்த்தூளில் கரி (கார்பன்), தழை (நைட்ரஜன்) விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். மீன் அமிலமோ, பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லியோ வாரம் ஒருமுறை கொடுங்கள். ரசாயன உரம் போடுபவர்கள், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். அடைமழை ஓய்ந்ததும் எல்லாத் தொட்டியும் ஒரே நாளில் மஞ்சளானால் காரணம் இன்னும் சுலபம்: மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். கோகோபீட்டில் பொட்டாசியம் கூடுதல் என்பதால் மெக்னீசியம் உள்ளே போக முடியாமல் தள்ளப்படுகிறது. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் புது மஞ்சள் வருவது நிற்கும். அதே அடையாளம் நுனிக் கொழுந்தில் இருந்தால் இரும்பு; கடினத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது வரும். செம்பருத்தியும் மல்லிகையும் முதலில் காட்டிக்கொடுக்கும். செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள செலேட் இரும்பு வாங்கிப் பொட்டலத்தில் போட்ட அளவுப்படி கொடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வேருக்குக் காற்றில்லாமல் இருந்தாலும் இதே மஞ்சள்கள் எல்லாம் வரும், சத்து இருந்தும் எடுக்க முடியாததால். தொட்டி கனமாக இருக்கும்போது உரம் போடவே போடாதீர்கள்.

தொட்டியைத் தட்டினால் சின்னக் கறுப்புப் பூச்சி பறக்கிறது

கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. பூஞ்சைக் கொசு என்பார்கள். பறப்பது தொந்தரவு மட்டுமே. அதன் புழு மேல் ஒன்றிரண்டு அங்குலத்தில் பூஞ்சையையும் இளம் வேரையும் தின்னும். பெரிய செடி தாங்கும், நாற்று தாங்காது. இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பச்சை உருளைக்கிழங்கை வட்டமாக ஒரு துண்டு நறுக்கி மேலே வையுங்கள். இரண்டு நாளில் திருப்பிப் பார்த்தால் கறுப்புத் தலையுடன் கண்ணாடிபோன்ற புழு ஒட்டியிருக்கும்.

மேல்புறம் எப்போதும் ஈரமாக இருப்பதுதான் அதற்கு வீடு. மேல் இரண்டு விரல் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், கொஞ்ச காலத்துக்குப் பேசினில் வைத்து அடியிலிருந்து ஊற்றுங்கள். மேலே ஒரு விரல் கனத்துக்கு ஆற்று மணல் போட்டால் முட்டை வைக்க இடமில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறி பறப்பவற்றைப் பிடிக்கும். சரியாக மக்காத எரு, மண்புழு உரத்தோடுதான் இவை பெரும்பாலும் வீட்டுக்கு வருகின்றன.

நாற்று நேற்று நின்றது, இன்று தரையோடு சாய்ந்துவிட்டது

தண்டு தரையை ஒட்டி நூலாக இளைத்து, அந்த இடத்தில் நனைந்த நிறம். நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் நிற்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். சாய்ந்ததைச் சுற்றியுள்ள தூளோடு அள்ளி வெளியே போடுங்கள். மேல் மூடி இருந்தால் எடுங்கள், குழித்தட்டைக் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள், தெளிப்பதைக் காலையில் ஒரு வேளையாக்குங்கள். பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரடியில் ஊற்றலாம்.

அடுத்த தடவை விதைக்கு முன்பே டிரைக்கோடெர்மா விரிடியை (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) மண்புழு உரத்தில் கலந்து, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் பிறகு கலவையில் சேருங்கள். தாமிர மருந்து ஊற்றிய தட்டில் அதே வாரம் இதைப் போடுவது வீண். மருந்து இதையும் கொன்றுவிடும். விதையை நெருக்கமாகத் தூவுவதை நிறுத்தினாலே பாதி நாற்றழுகல் நிற்கும் என்பது என் அனுபவம். கீரை விதைப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

மேலே பச்சைப் பாசி, அல்லது காளான்

காளான் வந்தால் சந்தோஷப்படுங்கள், நார்த்தூள் மக்குகிறது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பிடுங்கிப் போடுங்கள். பாசி என்றால் வெளிச்சமும் ஓயாத ஈரமும் சேர்ந்திருக்கின்றன. மேல் ஒரு விரலைக் கிளறிவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள். கனத்த தகடாகப் படிந்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றை மறைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் ஒன்றாக வருகிறது

வடகிழக்குப் பருவமழை பத்து நாள் விடாமல் பிடித்தால் மேலே சொன்ன எந்த முறையும் முழுசாக உதவாது, ஏனென்றால் ஊற்றுவது நாமில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலையும் தண்ணீரை இழுக்காது, தொட்டியும் காயாது. பலர் பாலிதீன் விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். மழை நின்றது, காற்றும் நின்றது. நான்காம் நாள் கத்தரி இலையில் புள்ளி, புடலையில் சாம்பல் நோய். விரிப்பு கட்டுவதென்றால் மேலே மட்டும் கட்டுங்கள், ஒரு பக்கம் சரிவாக, தலைக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு. பக்கம் நான்கும் திறந்திருக்கட்டும். சாரல் அடித்தால் அடிக்கட்டும்.

கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும் தொட்டிகளை ஒரு சாணாவது விலக்கி வையுங்கள். இரண்டு செடியின் இலை ஒன்றை ஒன்று தொடக்கூடாது. ஈரம் காயாமல் நிற்பது அந்தத் தொடும் இடத்தில்தான், புள்ளியும் அங்கிருந்துதான் கிளம்பும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் இது கட்டாயம். சாயந்தரம் மழை விட்டால் கிளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கி, தண்ணீரை உதறிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பிள்ளைகளின் வேலை, நனைய ஒரு சாக்கு கிடைக்கிறதே என்று ஓடுவார்கள்.

மண்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களில் ஒரு அனுகூலம் உண்டு. சுவர் வழியாகவே ஈரம் கசிந்து போகும். அதே தொட்டிதான் வைகாசியில் தினம் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும், அதனால் நான் மல்லிகையையும் கற்றாழையையும் மண்தொட்டியிலும், காய்கறிகளைச் செடிப்பையிலும் வைத்திருக்கிறேன். செடிப்பைக்கு அடியில் உள்ள நான்கு துளை மழைக்குப் போதாது. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் சுற்றி எட்டுத் துளை, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்டுவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்குள் செய்யுங்கள் என்று சொல்வதாக இருந்தேன், ஆனால் அதற்குள் பாதி மழை முடிந்திருக்கும். ஆயுதபூஜையன்று கம்பி, சுத்தியல் எல்லாம் எப்படியும் வெளியே வந்திருக்கும். மறுநாள் அவற்றை உள்ளே எடுத்து வைக்கும் முன் மாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.